"90 பர்சன்ட் முடிஞ்சது சார்!"

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஃபர்ஸ்ட் ரிவ்யூ. எங்க டீம்ல பேச வேண்டியது நான். கைடு கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" யோசிக்கவே இல்லை. "60 பர்சன்ட் சார்" என்று சொல்லிவிட்டேன். அவரும் நோட்டில் 60 என்று எழுதிக்கொண்டார். அடுத்த டீம் 70 என்றது. அதற்கடுத்த டீம் 75.

அந்த 60 எங்கிருந்து வந்தது தெரியுமா? செமஸ்டரில் பாதி நாளுக்கு மேல் போயிருந்தது, அதனால் 60. அன்றைக்கு எங்களிடம் ஓட்டிக் காட்டக்கூடியதாக இருந்தது ஒரு லாகின் பேஜ் மட்டும்தான்.

இது ஏதோ காலேஜ் பசங்க விளையாட்டுன்னு நினைத்துக்கொண்டிருந்தேன். போன கோடையில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனபோதுதான் தெரிந்தது, இதே விளையாட்டைப் பெரியவர்களும் ஆடுகிறார்கள், கோடிக்கணக்கான ரூபாயை வைத்து. அங்கே ஒரு தொழிற்சாலைக்குக் கொள்முதல் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தார்கள். வாராவாரம் ஸ்டேட்டஸ் மீட்டிங். ஒரு மாட்யூல் முதல் வாரம் 90 சதவீதம். அடுத்த வாரம் 90. நான் கிளம்பிய வாரமும் 90. யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் ஏர்ண்டு வேல்யூ அனாலிசிஸ். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் நம்மில் பலர் மறந்த அதே விஷயம்தான். ஆனால் என் கருத்து இது: அந்த ஃபார்முலா தானாக யாரையும் காப்பாற்றாது. "முடிஞ்சது" என்று எதைச் சொல்கிறோம், யார் சொல்கிறார்கள், உண்மையைச் சொன்னவனுக்கு என்ன நடக்கிறது, இந்த மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது.

அறுத்தால்தான் கணக்கு

ஆரணியில் பிறந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கப் புத்தகம் தேவையில்லை, பக்கத்து வீட்டுத் தறியே போதும். அது எனக்குத் தெரிய இருபத்தொரு வருஷம் ஆனது என் தப்பு.

இன்டர்ன்ஷிப் முடிந்து ஊருக்கு வந்தபோது எங்கள் தெருவில் தறி ஓட்டும் மாமாவிடம் சும்மா கேட்டேன். "மாமா, சேலை எவ்ளோ முடிஞ்சிருக்கு?"

"உடல் முடிஞ்சுது. முந்தி பாக்கி."

"அப்ப 80 பர்சன்ட் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாமா?"

சிரித்தார். "பர்சன்ட்டுக்கு எவன்பா கூலி குடுப்பான்? அறுத்துக் குடுத்தாத்தான் கூலி."

யோசித்துப் பாருங்கள். பட்டுச் சேலை ஐந்தரை மீட்டர், ப்ளவுஸோடு சேர்த்தால் ஆறு மீட்டருக்கு மேல். நீளத்தை வைத்துப் பார்த்தால் முந்தி கொஞ்சம்தான். ஆனால் ஜரிகை வேலைப்பாடு நிறைந்து கிடப்பது அங்கேதான். உடலை நெய்கிற வேகத்தில் முந்தியை நெய்ய முடியாது. மீட்டரை வைத்து சதவீதம் சொன்னால் அது பொய்க்கணக்கு. நாம் கோடு லைன்களை எண்ணிச் சொல்கிற சதவீதமும் இதே வகைதான்.

இன்னொன்றும் உண்டு. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்த சேலையை எடை போட்டு வாங்குவார். ஆக மூன்று விஷயம் தனித்தனியாகக் கணக்கில் இருக்கிறது. எந்தத் தேதிக்குள் எத்தனை சேலை என்ற பேச்சு. இதுவரை போன பட்டு, ஜரிகை, நாள். அறுத்துக் கொடுத்த சேலை. இந்த மூன்றையும் ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளும் நெசவாளியை நான் பார்த்ததில்லை. சாஃப்ட்வேர்க்காரர்கள் தினமும் குழப்பிக்கொள்கிறோம்.

ஏர்ண்டு வேல்யூவும் இந்த மூன்றேதான். திட்டப்படி இன்றைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு பி.வி. இதுவரை ஆன செலவு ஏ.சி. உண்மையில் முடிந்த வேலைக்குத் திட்டத்தில் போட்டிருந்த மதிப்பு இ.வி. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு 'ஏர்ண்டு' என்ற சொல் ஒரு லேபிளாக மட்டும்தான் மண்டையில் இருந்தது. தமிழில் 'சம்பாதிச்ச மதிப்பு' என்று சொல்லிப் பார்த்தபோதுதான் உறைத்தது. செலவு பண்ணது வேற, சம்பாதிச்சது வேற.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இந்த முறையை 1967-ல் 35 விதிகளாக எழுதித் தன் ஒப்பந்ததாரர்களுக்குக் கட்டாயமாக்கியது. காரணம் எளிது. "பட்ஜெட்டில் பாதி செலவாயிருக்கு" என்று சொன்னால் வேலையும் பாதி முடிந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரே நாள், இரண்டு தீர்ப்பு

இப்போது கொள்முதல் சாஃப்ட்வேருக்கு வருவோம். நான் பார்த்த ப்ராஜெக்டின் எண்கள் இவை இல்லை. கணக்குக்காக நானே போட்டவை. ஆனால் நோய் அதேதான்.

ஒரு கம்பெனிக்குக் கொள்முதல் சாஃப்ட்வேர். பட்ஜெட் 60 லட்சம், காலம் 12 மாதம். ஆறு மாட்யூல்: வெண்டர் பதிவு 8 லட்சம், தேவைக் கோரிக்கை 12, கொட்டேஷன் 10, பர்ச்சேஸ் ஆர்டர் 10, சரக்கு வரவு 8, இன்வாய்ஸ் சரிபார்ப்பு 12. ஆறாவது மாத முடிவில் முதல் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். அதாவது பி.வி. 30 லட்சம். ஆன செலவு 36 லட்சம்.

மீட்டிங்கில் டீம் சொல்வது: வெண்டர் பதிவும் தேவைக் கோரிக்கையும் முடிந்தது, கொட்டேஷன் 90 சதவீதம், பர்ச்சேஸ் ஆர்டர் 50 சதவீதம். இதை அப்படியே நம்பினால் இ.வி. 8 + 12 + 9 + 5 = 34 லட்சம். செலவுத் திறன் காட்டும் சி.பி.ஐ. என்பது இ.வி.யை ஏ.சி.யால் வகுப்பது. ரெய்டு வரும் சி.பி.ஐ. இல்லை, ஆனால் வேலை கிட்டத்தட்ட அதுதான். 34/36 = 0.94. கால வேகம் காட்டும் எஸ்.பி.ஐ. 34/30 = 1.13. செலவு லேசாக எகிறுகிறது, ஆனால் ப்ராஜெக்ட் திட்டத்தை விட முன்னால் ஓடுகிறது! எல்லோரும் டீ குடிக்கப் போகலாம்.

இப்போது தறிக்கணக்கு போடுவோம். அறுத்துக் கொடுத்தது மட்டும்தான் கணக்கு. பாதி நெய்ததற்குப் பூஜ்யம். அப்படியானால் இ.வி. 20 லட்சம்தான். சி.பி.ஐ. 20/36 = 0.56. எஸ்.பி.ஐ. 20/30 = 0.67. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 60-ஐ 0.56-ஆல் வகுத்து ஏறக்குறைய 108 லட்சம். காலம் 18 மாதம்.

ஒரே ப்ராஜெக்ட், ஒரே நாள், ஒரே ஃபார்முலா. ஒரு கணக்கில் ஆரோக்கியம், இன்னொரு கணக்கில் ஐ.சி.யூ. வித்தியாசம் "முடிஞ்சது" என்ற ஒரு சொல்லில் மட்டும்தான்.

"பாதி வேலைக்குப் பூஜ்யமா, இது அநியாயம்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் தறியிலேயே இருக்கிறது. ஒரு பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலை வரும். மொத்தப் பாவும் முடியும்வரை காத்திருந்து யாரும் கணக்கு பார்ப்பதில்லை, சேலை சேலையாகத்தான் பார்க்கிறார்கள். அதேபோல 10 லட்சம் ரூபாய் மாட்யூலை ஒரே துண்டாக வைத்தால்தான் பூஜ்யம் கொடுமையாகத் தெரியும். ஒரு வாரம், இரண்டு வார வேலையாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் "யார் பார்த்து ஓகே சொன்னால் முடிந்தது" என்று முதலிலேயே எழுதிவைத்தால் பூஜ்யம் ரொம்ப நாள் பூஜ்யமாக இருக்காது.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். பட்ஜெட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டுமென்றால் மீதி 40 லட்சம் மதிப்புள்ள வேலையை மீதி 24 லட்சத்தில் முடிக்க வேண்டும். அதாவது இனி ஒவ்வொரு ரூபாயும் 1.67 ரூபாய் வேலை செய்ய வேண்டும். இதுவரை செய்தது 0.56. மூன்று மடங்கு வேகம். "அடுத்த மாசம் கவர் பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை அவர் முன்னால் வைத்தால் போதும்.

ஆரம்பம் சரியில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் பிடித்த நம்பிக்கை. 1990-களில் டேவிட் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தார். வேலை 20 சதவீதம் முடிந்த கட்டத்தில் இருக்கும் சி.பி.ஐ., அதற்குப் பிறகு 10 சதவீதத்துக்கு மேல் மாறுவதில்லை என்று கண்டார். எல்லா வகை ப்ராஜெக்டுக்கும் இது பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் "கடைசியில பாத்துக்கலாம்" என்பதற்கு ஆதாரம் எதுவும் அதில் இல்லை.

கொள்முதல் ஏன் கவிழ்கிறது?

ஏர்ண்டு வேல்யூ ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. கொள்முதல் சாஃப்ட்வேரில் நோய் பெரும்பாலும் கோடில் இருப்பதில்லை, கம்பெனியின் பழக்கத்தில் இருக்கிறது.

நான் பார்த்த அந்த 90 சதவீத மாட்யூலையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, வெண்டரின் இன்வாய்ஸ் மூன்றும் பொருந்தினால்தான் பணம் போகும் என்று சாஃப்ட்வேர் எழுதினார்கள். காகிதத்தில் அழகு. நிஜத்தில் அந்தத் தொழிற்சாலையில் அவசரம் என்றால் போனில் சொல்லிச் சரக்கை இறக்கிவிடுவார்கள். ஆர்டர் நாலு நாள் கழித்துதான் போடுவார்கள். சாஃப்ட்வேர் அதை ஏற்காது, ஆட்கள் பழக்கத்தை விட மாட்டார்கள். மீதி 10 சதவீதம் என்பது கோடு அல்ல, அந்தச் சண்டை. அதை எத்தனை டெவலப்பர் போட்டாலும் முடிக்க முடியாது.

ஜெர்மனியின் லிட்ல் சூப்பர்மார்க்கெட் கம்பெனிக்கும் இப்படித்தான் ஆனது. 2011-ல் எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேருக்கு மாறத் தொடங்கினார்கள். சரக்கு இருப்பை விற்பனை விலையில் கணக்கு வைப்பது அந்த சாஃப்ட்வேரின் வழக்கம். வாங்கிய விலையில் வைப்பது லிட்ல் வழக்கம். தங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடி சாஃப்ட்வேரை மாற்ற மாற்றச் செலவு ஏறியது. ஏழு வருஷம், சுமார் 50 கோடி யூரோ. 2018-ல் கைவிட்டார்கள்.

இதைவிடப் பெரியது அமெரிக்க விமானப்படையின் கதை. பொருள் வாங்குவது, இருப்பு வைப்பது, அனுப்புவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த 240-க்கும் மேற்பட்ட பழைய சிஸ்டங்களை எடுத்துவிட்டு ஆரக்கிள் அடிப்படையில் ஒரே சிஸ்டம் கொண்டுவர 2000-களின் நடுவில் இறங்கினார்கள். பெயர் இ.சி.எஸ்.எஸ். 2012 நவம்பரில் ரத்து செய்தபோது 100 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. மேலும் 110 கோடி டாலர் கொட்டினால் முதலில் நினைத்ததில் கால்வாசி கிடைக்கும், அதுவும் 2020-ல்தான் என்பது அவர்களே போட்ட மதிப்பீடு. 2014-ல் அமெரிக்க செனட் துணைக்குழு இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சாஃப்ட்வேரை மாற்றுவதற்கு முன் வேலை செய்யும் முறையை மாற்றத் தயாராக இல்லை என்பது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. தறிக்கணக்கில் சொன்னால், நூறு கோடி டாலர் பட்டும் ஜரிகையும் போனது, அறுத்துக் கொடுத்த சேலை ஒன்றும் இல்லை.

"ரிலீஸ்" என்றால் முடிந்ததா?

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. கொள்முதல் இல்லை, ஆனால் பாடம் அதேதான். 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை புதிய வருமான வரி ஃபைலிங் திட்டத்துக்குச் சுமார் 4,242 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. இன்ஃபோசிஸ் உருவாக்கிய அந்தத் தளம் 2021 ஜூன் 7-ம் தேதி திறக்கப்பட்டது. அன்றிலிருந்தே புகார். ஆகஸ்ட்டில் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரியையே நிதியமைச்சர் கூப்பிட்டு, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யச் சொன்னார். வரி தாக்கல் செய்யும் கடைசித் தேதியும் தள்ளிப்போனது.

ஜூன் 7-ல் ஒரு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் எழுதியிருந்தால் 'கோ-லைவ்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். ஏர்ண்டு வேல்யூவின் பெரிய ஓட்டை இதுதான். தரத்தை அதற்குப் பார்க்கத் தெரியாது. நாம் "ரிலீஸ் ஆனால் முடிந்தது" என்று எழுதி வைத்தால் அதுவும் நம்பிவிடும். சேலையை அறுத்தால் மட்டும் போதாது, முதலாளி விரித்துப் பார்த்து எடை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் ஓகே சொல்லும்வரை இ.வி. பூஜ்யம்தான்.

கணக்கு தெரியும், வாய்தான் வரவில்லை

சரி, எல்லாம் ஒழுங்காக அளந்தாச்சு. போதுமா? போதாது. அமெரிக்கக் கடற்படைக்கு ஏ-12 என்ற போர் விமானம் செய்தார்கள். ஏர்ண்டு வேல்யூ கணக்கு அங்கே கட்டாயம். செலவு எகிறுகிறது என்று எண்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் மேலே போன மதிப்பீடுகள் நம்பிக்கையாகவே போயின. 1990-ல் நடந்த கடற்படை விசாரணை இதைத்தான் சொன்னது: தகவல் இருந்தது, கெட்ட செய்தியைச் சொல்ல விடாத அழுத்தமும் இருந்தது. 1991 ஜனவரி 7-ல் திட்டமே ரத்து.

இங்கேதான் தறிக்கணக்கிலிருந்து நான் விலகுகிறேன். அறுத்தால்தான் கணக்கு என்பது அளப்பதற்கு அருமையான விதி. ஆனால் அறுத்தால்தான் கூலி என்பது கொடுமையான விதி. ஜரிகை வர லேட்டானாலும், மழைத் தண்ணீர் தறிக்குழியில் இறங்கினாலும், நஷ்டம் முழுக்க நெய்கிறவர் தலையில். அந்த மாமா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னதில் ஒரு வலியும் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கம்பெனிகள் இதே தப்பைச் செய்யக்கூடாது. இ.வி. எண்ணை அப்ரைசலோடு கட்டிப்போட்டால் அடுத்த வாரமே எல்லா எண்ணும் அழகாகிவிடும், ப்ராஜெக்ட் மட்டும் அப்படியே இருக்கும். அளவுகோல் கண்டிப்பாக இருக்கட்டும், அதைப் பார்த்துச் சொல்பவனுக்குத் தண்டனை வேண்டாம். நான் 60 என்று பொய் சொன்னதற்குக் காரணம் கணக்கு தெரியாதது இல்லை. 15 என்று உண்மையைச் சொன்னால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும் என்று எனக்குத் தெரியும். பொய் இலவசம், உண்மைக்கு விலை. அப்படி இருந்தால் எந்த ஃபார்முலாவும் வேலை செய்யாது.

நாம் என்ன செய்யலாம்?

"அஜைல் காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ப்ரிண்ட் வைத்தாலும் சரி, எதை வைத்தாலும் சரி, பணம் கொடுப்பவர் கேட்கப்போவது ஒன்றுதான்: கொடுத்த காசுக்கு என்ன வந்தது, இன்னும் எவ்வளவு ஆகும்? அதற்கு ஸ்டோரி பாயிண்ட் பதில் ஆகாது.

நம் காலேஜுக்கு என் யோசனை சின்னதுதான். ஸீரோத் ரிவ்யூவிலேயே ஒவ்வொரு டீமும் ப்ராஜெக்டைப் பத்துப் பதினைந்து துண்டாகப் பிரிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதட்டும். எதை ஓட்டிக் காட்டினால் முடிந்ததாக அர்த்தம் என்றும் எழுதட்டும். ரிவ்யூவில் "எவ்வளவு சதவீதம்?" என்று கேட்காமல் "எதைக் காட்டப்போறீங்க?" என்று கேட்கட்டும். 0.5 வாங்கிய டீமுக்கு மார்க் குறைக்காமல், எதை வெட்டினால் மீதி தேறும் என்று அந்த டீமோடு உட்கார்ந்து பேசட்டும். பொய் 75-க்குக் கொடுக்கும் மார்க்கை விட உண்மை 40-க்கு அதிகம் கொடுக்கட்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் ஃப்ரெஷராக உட்கார்ந்திருப்போம். திங்கட்கிழமை காலையில் டீம் லீட் வந்து "உன் டாஸ்க் எவ்வளவு முடிஞ்சது?" என்று கேட்பார். நாம் சொல்லும் எண் அவருடைய எக்செல் ஷீட்டுக்குப் போகும், அங்கிருந்து மேனேஜரின் சி.பி.ஐ.க்குப் போகும், அங்கிருந்து கிளையன்ட்டுக்குப் போகும். நூறு கோடி டாலர் ப்ராஜெக்டிலும் அடிமட்ட எண்ணைச் சொன்னது யாரோ ஒரு இருபத்திரண்டு வயசுப் பையனோ பொண்ணோதான்.

எங்க டீமுக்கு செகண்ட் ரிவ்யூ வருகிற வாரம். பதினான்கு துண்டாகப் பிரித்துப் பார்த்தோம். முழுசாக முடிந்தது ஐந்து. கைடு கேட்டால் அந்த ஐந்தையும் ஓட்டிக் காட்டுவோம், மீதி ஒன்பதின் பெயரைச் சொல்வோம். திட்டு விழலாம். பரவாயில்லை, ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் சொன்ன 60-ஐ விட இது நல்ல எண்.